குடோனுக்கு மட்டும் தெரியவில்லை

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்குக்கு இரண்டு சர்வர்கள். ஒன்று படுத்தால் மற்றது வேலையைத் தொடர வேண்டும். தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் சோதித்துவிடலாமென்று, ஒரு ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் முதல் சர்வரின் பவர் கேபிளை நானே பிடுங்கினேன். ஒரு நிமிடத்துக்குள் கவுண்டர்களில் பில் ஓடியது. டீ சொல்லப் போனபோது கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்: "தம்பி, இங்கன பில்லு போகுது. குடோன்ல ஒண்ணும் வரலையேப்பா."

குடோன் வேறு நெட்வொர்க். நடுவில் ஒரு ரவுட்டர்.

இப்படி ஜோடியாக வைக்கும் சர்வர்களில் ஒவ்வொன்றுக்கும் சொந்த ஐபி முகவரி உண்டு. அதுபோக மூன்றாவதாகப் பொது முகவரி ஒன்று, அங்கே 192.168.10.50, சுருக்கமாக 10.50. பில்லிங் மென்பொருளுக்கு அது மட்டும்தான் தெரியும். எந்த சர்வர் பணியில் இருக்கிறதோ, அது அந்த முகவரியைச் சுமக்கும். மிதக்கும் ஐபி என்பார்கள்.

லினக்ஸில் முகவரியை ஏற்ற ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் ஒரே நெட்வொர்க்குக்குள் டேட்டா போவது ஐபியைப் பார்த்தல்ல, நெட்வொர்க் கார்டின் 48 பிட் மேக் முகவரியைப் பார்த்து. மேக் தெரியாத கணினி, "யாருப்பா 10.50?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போடும். உரியவர் "நான்தான், என் மேக் இது" என்பார். 1982-இல் வகுத்த இந்த முறைக்கு ஆர்ப் என்று பெயர். ஒவ்வொரு தடவையும் கத்த முடியாதே, அதனால் பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளும். கவுண்டர் கணினிகள் அரை நிமிடம் போலக் கழித்துச் சந்தேகப்பட்டு மறுபடி விசாரிக்கும். சில ரவுட்டர்களிலோ அந்தக் குறிப்பு 4 மணி நேரம் கிடக்கும். ரவுட்டரின் ஆர்ப் பட்டியலைத் திறந்தேன். 10.50-க்கு நேராக 3எஃப் என்று முடியும் மேக். அது நான் கேபிள் பிடுங்கிய சர்வர். ஓடிக்கொண்டிருந்தது 7சி. அந்த வரியை அழித்ததும் குடோன் எழுந்தது.

ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை. ஒன்று படுத்தால் மற்றதில் முகவரியை ஏற்ற நான் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட், ஏற்றியதோடு சரி, ஊருக்குச் சொல்லவில்லை. பொறுப்பேற்கும் சர்வர், யாரும் கேட்காமலே "இனி 10.50 நான்தான்" என்று தண்டோரா போட வேண்டும். கிராட்யூட்டஸ் ஆர்ப் என்பது அதுதான். கீப்அலைவ்டி போன்ற மென்பொருள் அதைப் பலமுறை போடும். அது பயன்படுத்தும் வி.ஆர்.ஆர்.பி. முறையில் மாஸ்டர், அதாவது பணியில் இருக்கும் சர்வர், வழக்கமாக நொடிக்கொரு தரம் "இருக்கிறேன்" என்று சொல்லும். மூன்று நொடி சத்தமில்லை என்றால், இன்னும் ஒரு நொடிக்கும் குறைவாகப் பொறுத்துவிட்டு, காத்திருக்கும் பேக்கப் சர்வர் எழும். பேக்கப்புக்கு நாம் கொடுக்கும் முன்னுரிமை எண் கூடக்கூட அந்தக் கொசுறுப் பொறுமை குறையும்; இரண்டு பேக்கப் இருந்தாலும் முட்டிக்கொள்ளாது.

சரி, மாஸ்டர் நன்றாக இருந்து, நடுவில் கேபிள் மட்டும் போயிருந்தால்? இரண்டும் "நான்தான்" என்னும். இரண்டு பக்கமும் தனித்தனியாக பில் எழுதிவிட்டால் அப்புறம் கணக்கைச் சேர்ப்பது பெரும்பாடு. அதனால் பெரிய கிளஸ்டர்களில், அதாவது சர்வர் கூட்டங்களில், யார் மாஸ்டர் என்று தீர்க்க மூன்றாவதாக ஒரு ஓட்டு வைப்பார்கள். அல்லது பொறுப்பேற்கும் முன் எதிராளியின் மின்சாரத்தையே துண்டித்துவிடுவார்கள். முரட்டு வைத்தியம்தான், எனக்கென்னவோ அதில்தான் தூக்கம் வருகிறது.

ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டு கீப்அலைவ்டி போட்டு, மறுவாரம் மறுபடி பிடுங்கினேன். குடோனும் கூடவே வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை: பழைய சர்வரோடு திறந்திருந்த டிசிபி இணைப்பு, அதாவது கவுண்டரும் சர்வரும் பாதியில் விட்ட பேச்சு, புதியதற்குத் தெரியாது. மூன்றாம் கவுண்டர் பெண் பாதி அடித்திருந்த பில்லை முதலிலிருந்து அடித்தார்.