ஹாப்டென்: பற்றுத்துணுக்கு

கிரேக்கத்தில் ‘ஹாப்டெயின்’ என்றால் பற்றுதல். அதிலிருந்து 1921இல் ‘ஹாப்டென்’ என்ற சொல்லை ஆக்கியவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர்; இரத்த வகைகளைக் கண்டுபிடித்தவரும் அவரே. ஆன்டிபாடி எனப்படும் பிறபொருளெதிரியைப் பற்றிக்கொள்ளும், ஆனால் தனியாக உடலுக்குள் போனால் அதைச் சுரக்கவைக்காத சிறு மூலக்கூறே ஹாப்டென். பிறபொருளெதிரியைச் சுரக்கவைப்பது ஆன்டிஜென் என்பதால், இதைக் ‘குறை ஆன்டிஜென்’ என்றும் பெயர்க்கலாம்தான். அது குறையை மட்டும் சொல்கிறது, பிடியை விட்டுவிடுகிறது. ‘பற்றுத்துணுக்கு’ மூலச்சொல்லுக்கு நெருக்கம்.

மண்ணிலும் உணவிலும் களைக்கொல்லி எச்சத்தைப் பிறபொருளெதிரி கொண்டு தேடுவோருக்கு இச்சொல் அன்றாடச் சொல். அட்ரசின் என்ற களைக்கொல்லியின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 216 டால்டன். முயலுக்கு அதை அப்படியே ஊசி போட்டால் பிறபொருளெதிரி உண்டாகாது. 66,000 டால்டன் அளவுள்ள மாட்டுச் சீரம் அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

எந்த முனையில் ஒட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஒட்டிய முனை மறைந்துபோகும். எதிர்முனையைத்தான் பிறபொருளெதிரி நன்றாக அடையாளம் காணும். அட்ரசினில் குளோரின் இருந்த இடத்தில் ஒட்டினால், குளோரின் இல்லாத அமெட்ரின் என்ற உறவுக் களைக்கொல்லியையும் அட்ரசின் என்றே எண்ணிப் பிடித்துவிடும். பக்கச்சங்கிலி வழியே ஒட்டினால் குளோரின் வெளியே தெரியும். அமெட்ரின் பெரும்பாலும் விலகும்; ஆனால் எந்தப் பக்கச்சங்கிலி என்பதைப் பொறுத்து, குளோரின் உள்ள சிமசின் போன்ற வேறு களைக்கொல்லி வந்து ஒட்டக்கூடும்.

சோதனையில், மண்ணை மெத்தனாலில் குலுக்கி வடித்து, மெத்தனால் சில விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை நீர்க்க வேண்டும். இல்லையேல் பிறபொருளெதிரி கெடும். பிறபொருளெதிரி பூசிய, சோதனைத் தட்டின் குழிகளில் இச்சாற்றையும் நொதி பிணைத்த அட்ரசினையும் சேர்த்து விட்டால், இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். கழுவி, நிறமூட்டியை ஊற்றினால், ஒட்டி நின்ற நொதியால் நீலம். அமிலம் விட்டதும் மஞ்சள். 450 நானோமீட்டரில் அளக்கலாம். எச்சம் கூடினால் நொதி பிணைத்த அட்ரசினுக்கு இடம் குறையும்; ஆகவே நிறம் அடர்ந்தால் எச்சம் குறைவு என்று பொருள். புதிதாகச் செய்பவர்கள் இதைத் தலைகீழாகப் படிப்பதுண்டு.

கழுவல் போதாவிட்டால் மிச்ச நொதி நிறத்தைக் கூட்டி எச்சத்தைக் குறைத்துக் காட்டும். மண்ணின் மட்கு அமிலங்கள் பிடிப்பைத் தடுத்து, இல்லாத எச்சத்தை இருப்பதாகக் காட்டும். ஆகவே மருந்து படாத, அதே வகை மண்ணின் சாற்றையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். ‘உண்டு’ என்று வந்தவற்றை நிறைமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) உறுதி செய்த பிறகே அறிக்கையில் எழுதலாம்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இன்னும் சிறியது, 169 டால்டன். பிடிக்கக் கைப்பிடியே இல்லை எனலாம். அதனால் மாதிரியையும் ஒப்பீட்டுக் கரைசல்களையும் ஒரே வேதிமாற்றத்துக்கு உட்படுத்திய பிறகே குழியில் விடுகிறார்கள்.