பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு இழுவை எங்கே போனது?

படகின் பின்னால் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கயிற்றை இழுத்தால், இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது, ஐட்லிங் சீராக இருக்கிறது, நியூட்ரலில் முறுக்கினால் உறுமவும் செய்கிறது. அதையே படகில் மாட்டி இரண்டு பேர் ஏறி முழு த்ராட்டில் கொடுத்தால், படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதபடி போகிறதே தவிர, மேலே ஏறி வழுக்கி ஓடுவதில்லை. என்னிடம் இருந்த இரண்டு சிலிண்டர் மோட்டார் பல மாதம் இப்படித்தான் என்னைப் படுத்தியது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவி மாட்டினேன், ஒவ்வொரு தடவையும் ஐட்லிங் இன்னும் அழகானது, படகு மட்டும் அதே ஆமை வேகம்.

நின்ற இடத்தில் நன்றாகத்தானே ஓடுகிறது, அப்புறம் எங்கே கோளாறு என்று தோன்றும். நியூட்ரலில் மோட்டார் சமாளிக்க வேண்டியது தன் உராய்வை மட்டும்தான், அதற்குக் கொஞ்சம் சக்தி போதும். புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்ததும் கணக்கே வேறு. தோராயமாகச் சொன்னால், புரொப்பெல்லர் கேட்கும் சக்தி அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,500 சுற்றில்) 5 குதிரைசக்தி கேட்பது 5,000 ஆர்பிஎம்மில் 40 கேட்கும். அதனால் தொட்டியில் வைத்துச் செய்யும் சோதனை, பாரம் தூக்கும் ஆளின் பலத்தை அவர் வெறும் கையோடு நடப்பதைப் பார்த்து எடைபோடுவது போலத்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரியும். 5,500 ஆர்பிஎம்மில் 40 குதிரைசக்தி தரவேண்டிய மோட்டார் பாதி பலத்தை இழந்து 20 மட்டுமே தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சி பாதியாகக் குறையாது, ஏறக்குறைய 4,350-க்குத்தான் இறங்கும். (படகு மேலே ஏறாமல் உழுதுகொண்டிருந்தால் இன்னும் குறையும்.) சக்தியில் பாதி போயிருக்கும், சுழற்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும், காதுக்கு அது பெரிதாகப் படாது. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் சுழற்சி வேகத்தைக் காட்டும் ஒரு டேக்கோமீட்டரை மாட்டுங்கள். வழக்கமான சுமையோடு முழு த்ராட்டிலில் எவ்வளவு ஆர்பிஎம் காட்டுகிறது, தயாரிப்பாளர் சொன்ன அளவு எவ்வளவு, இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

ஆர்பிஎம் சரியாகவோ அதிகமாகவோ இருந்து படகு மட்டும் போகவில்லை என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம், புரொப்பெல்லரைப் பாருங்கள். பல புரொப்பெல்லர்களின் நடுவே ஒரு ரப்பர் புஷ் உண்டு. இறகு கல்லில் மோதினால் கியர் உடையாமல் காப்பது அதுதான். வயதாகி ரப்பர் பிடிப்பை இழந்தால், மெதுவாகப் போகும்போது பிடித்துக்கொள்ளும், த்ராட்டில் கொடுத்ததும் உள்ளுக்குள்ளேயே வழுக்கும். நடு உலோகக் குழலிலிருந்து வெளி விளிம்பு வரை பெயின்ட்டால் ஒரு நேர்க்கோடு போட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக முறிந்து தள்ளித் தள்ளி நின்றால் புஷ் போய்விட்டது.

ஆர்பிஎம் குறைவாக இருந்தால், ஒன்று மோட்டாருக்குப் பலமில்லை, இல்லை சுமை அதிகம். முந்தைய உரிமையாளர் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் கணக்குப்படி முன்னேறும் தூரம்) அதிகமான புரொப்பெல்லரை மாட்டியிருக்கலாம். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை குறையும். பழைய படகுகளில் தரைக்கு அடியில் உள்ள நுரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. 100 லிட்டர் உள்ளே போயிருந்தால் 100 கிலோவைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமக்கிறீர்கள்.

சரி, சுமையில் தவறில்லை, மோட்டாருக்குத்தான் பலமில்லை என்றால் முதலில் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை, பாருங்கள். அது சரியில்லை என்றால் மற்ற எதற்குச் செலவழித்தாலும் வீண். எல்லா ப்ளக்கையும் கழற்றி, மோட்டாரை அணைக்கும் கில் சுவிட்ச்சின் கயிற்றை எடுத்துவிட்டு, ப்ளக் வயர்களை எர்த் செய்து, ப்ளக் துளையில் அழுத்தக் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துச் சுழற்ற வேண்டும். பல பழைய மோட்டார்களில் 90 முதல் 130 பிஎஸ்ஐ வரை காட்டும், ஆனால் கேஜுக்குக் கேஜ் அளவு மாறும் என்பதால் அந்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அது பத்து, பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் ரிங், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் என்று உள்ளே போகவேண்டியதுதான். கழற்றிய ப்ளக்குகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகப்படலாம்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் பெட்ரோல் வரும் வழி. என் அனுபவத்தில் இங்கேதான் அதிகம் மாட்டும். டேங்கிலிருந்து வரும் ஹோஸின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் பல்பு இருக்கிறதே, அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. முழு த்ராட்டிலில் மோட்டார் திணறும்போது கூட இருப்பவரை அதை அமுக்கச் சொல்லுங்கள். உடனே ஆர்பிஎம் ஏறினால், மோட்டார் பெட்ரோலுக்குத் தவிக்கிறது. பல்பு தானாகவே சப்பையாகிக் கிடந்தால் அடைப்பு பல்புக்கு முன்னால் இருக்கிறது, பெரும்பாலும் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள், அல்லது உறிஞ்சு குழாயின் வலையில் அழுக்கு சேர்ந்திருக்கும்.

பல்பு உப்பலாகவே இருந்து, அமுக்கினால் மட்டும் மோட்டார் தெளிகிறது என்றால் அடுத்தது பெட்ரோல் பம்ப். டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதற்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் அறையின் அழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பே டயாபிரம் என்ற ஒரு மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் அசைத்து பெட்ரோலை ஏற்றுகிறது, தனியாக மின்சாரமோ கியரோ கிடையாது. டயாபிரத்தைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளையும் தெரியும். துளையே இல்லாவிட்டாலும் விறைத்துப்போன டயாபிரம் ஐட்லிங்குக்குத் தேவையான சொற்பத்தைத் தரும், முழு வேகத்துக்குப் போதாது.

என் மோட்டாரில் டயாபிரத்தை மாற்றியும் பலனில்லை. கடைசியில் பல்புக்கும் மோட்டாருக்கும் இடையே இருந்த ஹோஸை வெட்டிப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே உறை பிரிந்து நாக்குபோல மடங்கிக் கிடந்தது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் அதன் ஓரமாகக் கசிந்து போய்விடும், ஓட்டம் வேகமானால் நாக்கு எழுந்து வழியை மறைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று செய்யப்படாத பழைய ஹோஸ்களை இப்படிக் கெடுத்துவிடும்.

இந்தக் கோளாறோடு, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று முழு த்ராட்டிலில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் மோட்டாருக்கு உயவும் அதே பெட்ரோலோடுதான் வருகிறது. லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1 என்று நீங்கள் சரியாகவே கலந்திருந்தாலும், வரும் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், எரிதலின் சூடும் ஏறும். பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் எடுக்காது.

கார்புரேட்டரிலும் இதே கதைதான்: ஐட்லிங்குக்குத் தனி வழி, முழு வேகத்துக்கு மெயின் ஜெட். ஐட்லிங் அழகாக இருப்பது மெயின் ஜெட் சுத்தமாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. சில பழைய மோட்டார்களில், ப்ளக்குக்கான மின்சாரத்தை உண்டாக்கும் ஸ்டேட்டரில் குறைந்த வேகத்துக்கும் அதிக வேகத்துக்கும் தனித்தனிக் காயில்கள் உண்டு, இரண்டாவது மட்டும் போனால் அறிகுறி அச்சு அசலாக இப்படியே இருக்கும். வேறு சில மோட்டார்கள் சூடு ஏறினால் தாமாகவே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், அங்கே தேட வேண்டியது, குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழலும் சக்கரத்தை).

புது ஹோஸ் மாட்டியதும் 3,800-இல் முட்டிக்கொண்டிருந்த முள் 5,000-ஐத் தொட்டது. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இன்னும் 300 பாக்கி இருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, நண்பர் லீவரை முழுதாகத் தள்ள, நான் கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். த்ராட்டில் தகடு முழுதாகத் திறக்காமல் கொஞ்சம் சாய்ந்தே நின்றது, கேபிள் நீண்டிருந்தது. நுனியில் இருந்த நட்டை நான்கு சுற்று திருகியதும் தகடு நேராக நின்றது. அடுத்த ஓட்டத்தில் அந்த 300-உம் வந்துவிட்டது.