கறி ஏன் தண்ணீர் விடுகிறது?

ஒரே கொட்டிலில் வளர்ந்து, ஒரே தீனி தின்ற இரண்டு வெண்பன்றிகள். வெட்டினால் ஒன்றின் கறி இளஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கிறது. மற்றது வெளிறி, தொளதொளத்து, தட்டில் தண்ணீர் விடுகிறது. சேலத்துக்காரர்கள் வெயிலைத்தான் திட்டுவார்கள். வெயிலுக்கும் பங்குண்டு; ஆனால் சில பன்றிகளுக்கு இந்தக் கோளாறு பிறவியிலேயே இருக்கிறது.

தசைச் செல்லுக்குள் கால்சியத்தை அடைத்துவைக்கும் பைகள் உண்டு. பையின் வாய் திறந்து கால்சியம் வெளியே வந்தால் தசை சுருங்கும். அந்த வாயை உருவாக்கும் மரபணு ஆர்ஒய்ஆர்1. அதன் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் வாய் சரியாக மூடாது என்று 1991இல் கண்டறிந்தார்கள். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற பன்றி, வண்டியில் ஏற்றும் அமளியிலேயே உடல் கொதித்துச் செத்துப்போகலாம். பிழைத்து வெட்டுக்கு வந்தாலும், அதன் தசை சேமித்த சர்க்கரையை மளமளவென்று லாக்டிக் அமிலமாக்கிவிடும். ரத்த ஓட்டம் நின்றபின் அமிலம் வெளியேற வழியில்லை. வழக்கமாகக் கறியின் பிஎச் (இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று காட்டும் அளவு) 7இலிருந்து 5.6 அளவுக்கு இறங்கப் பல மணி நேரமாகும்; இங்கே 45 நிமிடத்திலேயே 6க்குக் கீழே போய்விடுகிறது. உடற்சூடு ஆறுவதற்குள் அமிலமும் சேர்வதால் புரதம் சிதைகிறது, பிடித்துவைத்த நீரை விட்டுவிடுகிறது.

இப்படியொரு கேடு எப்படிப் பரவியது? நாம்தான் பரப்பினோம். இதே மாற்றம் கொழுப்பைக் குறைத்துச் சதைப்பற்றையும் கூட்டுகிறது. தொடை பெருத்த பெல்ஜியத்துப் பியெட்ரெய்ன் இனத்தில் இது மலிந்திருந்தது. எடையை மட்டும் பார்த்து விலை பேசினால் வேறென்ன கிடைக்கும்?

எல்லா மரபணுவும் இப்படி வஞ்சம் தீர்ப்பதில்லை. ஐஜிஎஃப்2 மரபணுவில் 2003இல் கண்ட ஓர் எழுத்து மாற்றம் தசையை 3–4 சதவீதம் கூட்டி, முதுகுக் கொழுப்பைக் குறைக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், தசையில் தகப்பன் வழி வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும். தாயினுடையது அடங்கிக் கிடக்கும். ஆண் பன்றி வாங்கும்போது கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாற்றங்களையும் ரத்தத்திலோ முடி வேரிலோ சோதித்துப் பார்த்துவிடலாம்.

முதுகுக் கொழுப்பில் கிட்டத்தட்டப் பாதி வேறுபாடு வம்சத்தால் வருவது. கறியின் பிஎச்சில் வம்சத்தின் பங்கு அதைவிட மிகக் குறைவு. ஆகவே மரபணுவில் குறையே இல்லாத பன்றியைக்கூட, மே மாதத்து உச்சி வெயிலில் வண்டியில் திணித்து, தடியால் அடித்து இறக்கி, மூச்சிரைக்கும்போதே வெட்டினால் வெளிறிய கறிதான் மிஞ்சும். விடியுமுன் ஏற்றி, இறக்கியபின் தண்ணீர் காட்டி, சில மணி நேரம் நிழலில் படுக்கவிட வேண்டும்.