அரசு சாரா அமைப்பு: தொண்டுக்கு இங்கே என்ன வேலை?

‘சுற்றுச்சூழல் தன்னார்வத் தொண்டு நிறுவனம் அரசின் மீது வழக்குத் தொடுத்தது.’ போன வாரம் திருத்த வந்த ஒரு மொழிபெயர்ப்பில் மறுபடியும் இதே வரி. வழக்குப் போடுவது யாருக்குச் செய்யும் தொண்டு?

என்ஜிஓ (non-governmental organization) என்பதைத்தான் இப்படித் ‘தன்னார்வத் தொண்டு நிறுவனம்’ ஆக்குகிறார்கள். அந்த ஆங்கிலப் பெயரின் கதை சின்னது. 1945இல் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தின் 71ஆம் பிரிவு, அரசைச் சேராத அமைப்புகளோடும் பொருளாதார, சமூக மன்றம் கலந்து பேசலாம் என்றது. பெயர் பரவியது அதன் பிறகுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான சியரா கிளப் 1892இலேயே தொடங்கிவிட்டது. அப்போது அதை யாரும் அப்படி அழைக்கவில்லை. பெயர் சொல்வதும் ஒன்றே ஒன்று: இது அரசு அல்ல.

இதில் தன்னார்வமும் தொண்டும் எங்கிருந்து வந்தன? பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளில் வழக்கறிஞர்களும் விஞ்ஞானிகளும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அதற்குப் பெயர் தன்னார்வம் இல்லை. தொண்டு என்றால் பணிவிடை. பழைய வழக்கில் அடிமைத்திறம். 1971இல் 12 பேர் ஒரு மீன்பிடிப் படகில் ஏறி, அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் அமெரிக்கா நடத்தவிருந்த அணுகுண்டுச் சோதனையைத் தடுக்கப் புறப்பட்டார்கள். கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு பிறந்த கதை அது. அதைப் பணிவிடை என்றால் படகே சிரிக்கும். 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் ‘நிகழ்ச்சி நிரல் 21’ என்ற செயல்திட்டம் அரசு சாரா அமைப்புகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. ஐரோப்பாவில் உருவான 1998 ஆர்ஹஸ் உடன்படிக்கை, சுற்றுச்சூழல் விஷயங்களில் தகவல் கேட்கவும் நீதிமன்றம் போகவும் வழி செய்தது. கண்காணிப்பது, கேள்வி கேட்பது, வழக்காடுவது என்று வேலை இப்படி விரிந்த பிறகும் நம் மொழிபெயர்ப்பாளர் இவர்கள் கையில் அன்னதானக் கரண்டியைக் கொடுத்துவிடுகிறார். போதாததற்கு ‘நிறுவனம்’ வேறு. படித்தால் கம்பெனி மாதிரி இருக்கிறது. அமைப்பு என்ற நல்ல சொல் சும்மாதானே கிடக்கிறது?

சரி, ‘அரசு சாரா’ மட்டும் குறையற்றதா? இல்லை. ‘சாராத’ என்பதன் ஈறு கெட்ட வடிவம் ‘சாரா’. சார்தல் என்றால் அண்டியிருத்தல். அரசு மானியம் வாங்கும் அமைப்பு அரசைச் சாராதது என்று எப்படிச் சொல்வது? ‘அரசல்லாத அமைப்பு’ இன்னும் துல்லியம்தான். ஆனால் நாவில் புரளவில்லை. அதற்காக நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை.

அந்த வரியை ‘சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று அரசின் மீது வழக்குத் தொடுத்தது’ என்று மாற்றினேன். அரசின் மீதே வழக்குப் போடுகிறது என்ற பிறகு ‘அரசு சாரா’கூட அங்கே தேவையில்லை. அச்சில் பார்த்தால் ‘தொண்டு’ திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.