சூடேறினால் சோர்ந்துபோகும் பொறி

"காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டி டீக்கடையில் நிறுத்தினால் அவ்வளவுதான், எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. அரைமணி கழித்து ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். பிளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, அம்மா எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டார்." பாயிண்ட் (எஞ்சின் சுழலச் சுழலத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) வைத்த பழைய பைக் ஓட்டும் வாசகர் ஒருவரின் புலம்பல் இது.

பழத்தைத் தேடி வாங்கிக் கட்டி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறியிருக்கும். நல்ல பெயர் பழத்துக்குப் போய்விடும்! என் சந்தேகம், கரண்டைக் கொஞ்சம் தேக்கிவைக்கும், கட்டைவிரல் அளவே இருக்கும் கண்டன்சர் மேல்.

பள்ளியில் படித்ததுதான்: காந்தப்புலம் எவ்வளவு சட்டென்று மாறுகிறதோ அவ்வளவு அதிக வோல்ட் பிறக்கும். காயிலுக்குள் தடித்த கம்பி சில நூறு சுற்று, முடி போன்ற கம்பி பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் 12 வோல்ட் பேட்டரி மூன்று நான்கு ஆம்பியர் ஓட்டுகிறது. பாயிண்ட் திறந்ததும் கரண்ட் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, மெல்லிய கம்பியில் 15,000 வோல்ட்டுக்கு மேல் எகிறும். அதுதான் பிளக்கில் பொறியாகத் தாவி பெட்ரோலைப் பற்றவைக்கிறது. 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் காருக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு. அம்பாசடர், பத்மினி, பழைய புல்லட் வரைக்கும் அதுவேதான்.

ஆனால் 'அறுந்து' என்று சொன்னேனே, அது அத்தனை சுலபமில்லை. ஓடும் கரண்டை நிறுத்த காயில் விடாது. பாயிண்ட் முழுதாகத் திறந்தாலே இடைவெளி 0.4 மில்லிமீட்டர்தான், திறக்கத் தொடங்கும்போது மயிரிழைகூட இருக்காது. அந்தச் சந்தில் கரண்ட் நெருப்பாகத் தாவி ஓடிக்கொண்டே இருக்கும். காந்தப்புலம் சாவகாசமாக இறங்கும், பொறி நோஞ்சானாகும். இங்கேதான் கண்டன்சர் வருகிறது. பாயிண்டுக்கு இணையாக, சுமார் 0.2 மைக்ரோஃபேரட். 'தாவாதே, இப்படி வா' என்று கரண்டுக்கு அது ஒரு திண்ணை போட்டுக் கொடுக்கிறது. திண்ணை நிறைவதற்குள் பாயிண்ட் தாவ முடியாத அளவு விலகிவிடும். நிறைந்த கண்டன்சர் கரண்டைக் காயிலுக்கே திருப்பி எதிர்த்திசையில் தள்ளுகிறது. காந்தப்புலம் சடாரென்று சரிகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் இந்த வேலை!

வயதான கண்டன்சர் சூட்டில் கசியும், அல்லது உள்ளே தொடர்பு விட்டுப்போகும். ஆறியதும் சரியாகிவிடும். அதனால் மீட்டர் வைத்துக் குளிர்ந்த நிலையில் சோதித்தால் பாஸ் ஆகிவிடும்.

எனவே வண்டி சூட்டில் கிளம்பாமல் நிற்கும்போதே பாருங்கள். பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மாட்டி, கொறடாவால் பிடித்து, அதன் உடம்பு எஞ்சின் ஹெட்டில் படும்படி வைத்து, ஒருவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள் (பெட்ரோல் கசிவு பக்கத்தில் இருக்கக் கூடாது). 'சட்' என்ற சத்தத்தோடு நீலவெள்ளைப் பொறி என்றால் நல்லது. மஞ்சளாக இழை போல வந்தால், மறுபடி கிக் அடிக்கச் சொல்லி பாயிண்டைக் கவனியுங்கள். அங்கே பெரிதாக நீல நெருப்பு தெரிந்தால் கண்டன்சர்தான். அங்கே அமைதியாக இருந்தால் காயிலுக்கு முழு 12 வோல்ட் வருகிறதா, சாவி ஸ்விட்ச் துருப்பிடித்ததா என்று பாருங்கள். வெளியே வரும் பொறியை மட்டும் நம்பவும் முடியாது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் தாவ இன்னும் அதிக வோல்ட் வேண்டும்.

புதியதை எஞ்சின் சூடு படாமல் காயில் பக்கத்தில் மாட்டலாம். பழையதை எறிந்துவிடாமல் ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள்: அலுமினியத் தாளும் காகிதமும் கோரைப்பாய் போலச் சுருட்டி வைத்திருக்கும்.