ஜெட் படம் பார்த்தால் முதலில் கோணத்தைக் கேளுங்கள்

எம்87 கேலக்ஸியின் நடுவிலிருந்து நீலக் கோடு ஒன்று, அதாவது ஜெட் எனப்படும் குறுகிய, அதிவேகப் பொருளோட்டம், பாய்வதைக் காட்டும் ஹப்பிள் படம் அடிக்கடி பகிரப்படுகிறது. கூடவே மூன்று வாசகங்களும் வரும்: கருந்துளை கக்கிய பொருள், ஒளியைவிட ஆறு மடங்கு வேகம், ஒரே பக்கம் பாய்கிறது. முதலாவது கருந்துளையைப் பற்றிய குழப்பம். மற்ற இரண்டும், ஜெட் நம் பார்வைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கோணத்தைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒளிகூடத் தப்ப முடியாத நிகழ்வெல்லைக்குள் போனது எதுவும் திரும்பாது. ஜெட் கிளம்புவது அதற்கு வெளியே. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டு காந்தப்புலத்தை உள்நோக்கி இழுத்து வருகிறது. சுழலும் கருந்துளை அந்தப் புலக்கோடுகளை முறுக்க, ஆற்றல் சுழலச்சின் இரு திசையிலும் வெளியேறுகிறது. வானியற்பியலாளர்கள் பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் 1977-இல் சொன்ன வழி இது. இதில் செலவாவது கருந்துளையின் சுழற்சி ஆற்றல். 'விழுங்கியதைத் துப்புகிறது' என்ற வர்ணனை காதுக்கு இனிமைதான், நடப்பது அதுவல்ல.

இனி வேகம். ஒளிவேகத்தில் 99 சதவீதத்தில் ஓடும் ஒரு பிளாஸ்மா முடிச்சை (ஜெட்டில் பிரகாசமாகத் தெரியும், மின்னேற்றமடைந்த வாயுத் திரளை) எடுத்துக்கொள்வோம். அது நம் பார்வைக் கோட்டிலிருந்து 8 பாகை விலகி நம்மை நோக்கி வருகிறது. 100 ஆண்டுகளில் அது 99 ஒளியாண்டு கடக்கும். அதில் நம் பக்கமாக வந்த தூரம் சுமார் 98. பக்கவாட்டில் நகர்ந்தது 13.8 மட்டும். தொடக்கத்தில் புறப்பட்ட ஒளி இந்தக் காலத்தில் 100 ஒளியாண்டு வந்திருக்கும். முடிச்சும் கிட்டத்தட்ட அதன் பின்னாலேயே ஓடி வந்ததால், 100 ஆண்டு கழித்துப் புறப்பட்ட ஒளி நமக்கு இரண்டே ஆண்டு தாமதமாக வந்து சேருகிறது. வானில் பார்ப்பவருக்கு இரண்டு ஆண்டில் 13.8 ஒளியாண்டு, அதாவது ஒளியைப்போல் ஏழு மடங்கு. எந்த விதியும் மீறப்படவில்லை. வானியற்பியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966-இலேயே இதை எதிர்பார்த்து எழுதிவிட்டார். அளவீடுகள் பின்னால்தான் வந்தன.

இதைத் திருப்பிப் போட்டால் பயனுள்ள கருவி கிடைக்கும். எம்87 ஜெட்டில் ஹெச்எஸ்டி-1 என்ற பிரகாசமான பகுதியில் ஆறு மடங்குத் தோற்ற வேகம் அளக்கப்பட்டது. அந்த ஓட்டம் நம் பார்வைக் கோட்டிலிருந்து 19 பாகைக்குமேல் விலகியிருந்தால் ஆறு மடங்கு வரவே முடியாது. நீளமும் அப்படியே. படத்தில் சுமார் 5,000 ஒளியாண்டு தெரிகிறது. 17 பாகைச் சாய்வு என்று வைத்தால் உண்மை நீளம் 17,000-ஐத் தொடும்.

ஒரு பக்க ஜெட்டும் இதே கணக்குதான். நம்மை நோக்கி வருவதன் ஒளி முன்பக்கம் குவிந்து பிரகாசமாகிறது. விலகிப் போவது மங்குகிறது. மேலே சொன்ன 99 சதவீதம், 8 பாகைக்கு, தட்டையான நிறமாலை கொண்ட (எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே பிரகாசமுள்ள) தொடர் ஜெட்டில் இரு பக்கப் பிரகாச விகிதம் ஏறக்குறைய 10,000. 1918-இல் வானியலாளர் ஹீபர் கர்டிஸ் எம்87-இல் ஒற்றை நேர்க்கதிரைப் பதிவு செய்ததற்குக் காரணமும் இதுவே. மறுபக்கம் காலியாக இல்லை. அங்கே ரேடியோ மடல், அதாவது ரேடியோ அலைகளில் தெரியும் விரிந்த மேகம், இருக்கிறது. மடலில் பொருள் மெதுவாகப் பரவுவதால் இந்த மங்கல் அதைத் தொடுவதில்லை.

அளப்பவர்கள் தடுக்கி விழும் இடங்களும் உண்டு. 3சி 273 போன்ற குவேசாரில் (மிகப் பிரகாசமான தொலைதூர கேலக்ஸி மையத்தில்) ஒரு முடிச்சு ஆண்டுக்கு 1 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) நகர்ந்தால், அந்தத் தூரத்தில் அது ஏறத்தாழ 8.8 ஒளியாண்டு. அதோடு நிறுத்தினால் தவறு: பிரபஞ்ச விரிவால் அங்கே நடப்பது நமக்கு மெதுவாகத் தெரிகிறது, அதன் அளவான செம்பெயர்ச்சி 0.158 என்பதால் 1.158-ஆல் பெருக்க வேண்டும். விடை ஒளியைப்போல் சுமார் பத்து மடங்கு. படங்களுக்கு இடையே நீண்ட இடைவெளி விட்டால் புதிய முடிச்சைப் பழையது என்று எண்ணிவிடுவோம். வேகம் குறைந்து வரும், சில சமயம் முடிச்சு உள்ளே போவதுபோலக்கூட வரும். படத்தின் பிரகாசமான மையத்தைக் கருந்துளை என்று எடுத்துக்கொள்வதும் வழக்கமான பிழை. அது ஜெட் ஒளிபுகும் நிலைக்கு மாறும் இடம். அதிர்வெண் கூடக்கூட அது கருந்துளைப் பக்கம் நகரும். 5 கிகாஹெர்ட்ஸ் படத்தையும் 15 கிகாஹெர்ட்ஸ் படத்தையும் மையத்தில் பொருத்தினால் இல்லாத நகர்வு தோன்றும்.

இவற்றில் மிக ஏமாற்றக்கூடியது போலி எதிர் ஜெட், அதாவது மறுபக்கம் இருப்பதுபோலத் தோன்றும் ஜெட். பல கண்டங்களில் உள்ள ஆன்டெனாக்களின் தரவைச் சேர்க்கும்போது, ஒற்றைப் புள்ளி மாதிரியிலிருந்து சுய அளவுத்திருத்தத்தை (தரவைக் கொண்டே ஆன்டெனாப் பிழைகளைச் சரிசெய்யும் முறையை) தொடங்கினால் கட்டப் பிழை (அலைகளின் கட்டத்தில், அதாவது phase-இல், வரும் பிழை) படத்தை இருபக்கமும் சமச்சீராக்கப் பார்க்கும். மறுபக்கம் மெல்லிய கோடு தெரிந்தால், ஒரு பக்க மாதிரியிலிருந்து திருத்தத்தை மறுபடி தொடங்குங்கள். கோடு மறைந்துவிட்டால் அதை முடிவுகளில் சேர்க்க வேண்டாம்.