சைற்றோகைன்: கலத்தூதுப் புரதம்

கொவிட் காலத்தில் ‘சைற்றோகைன் புயல்’ என்ற பேச்சு ஹட்டன், நுவரெலியா வரைக்கும் வந்து சேர்ந்தது. புயல் தெரியும். சைற்றோகைன்தான் பலருக்கும் விளங்கவில்லை. உடலின் கலங்கள் (செல்கள்) ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் புரதம் அது. தமிழ்நாட்டில் இதையே சைட்டோகைன் என்று எழுதுவார்கள்.

சொல் கிரேக்க வேர்களில் கட்டியது. ‘கைற்றொஸ்’ என்றால் உள்ளே வெறுமையான பாத்திரம். உயிரியலில் அது கலத்தைக் குறிக்கும். ‘கினெயின்’ என்றால் அசைத்தல், இயக்குதல். வேர் பழையதென்றாலும் சொல்லுக்கு வயது குறைவு: 1974இல் ஸ்ரான்லி கோஹனும் கூட ஆய்வு செய்தவர்களும் வைத்த பெயர். அதற்கு முன் ‘லிம்போகைன்’ என்றார்கள், நிணநீர்க்குழியங்கள் என்ற ஒரு வகை வெண்குழியங்கள் சுரப்பவை என்ற பொருளில். மற்றக் கலங்களும் இப்படிச் சுரக்கின்றன என்று தெரிந்ததும் அந்தப் பெயர் போதாமல் போயிற்று. 1957இல் கண்டறிந்த இன்ரபெரோனும் இந்தக் குடும்பம்தான்.

வேலை என்ன? தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால் காயத்தைச் சுற்றிச் சிவந்து, சூடேறி, வீங்கும். அந்த இடத்தில் கிருமி தின்னும் கலங்கள் ரி.என்.எஃப், இன்ரர்லியூக்கின்-1 போன்ற சைற்றோகைன்களை வெளியிடுகின்றன. பக்கத்துக் குருதிக் குழாய்களின் சுவர் நெகிழ்கிறது. வெண்குழியங்கள் அங்கே இறங்குகின்றன. அளவு கூடிக் குருதியில் கலந்தால் சேதி மூளைவரை போய்க் காய்ச்சல் வரும். தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் திரட்டுவதற்கு, தப்படித்துக் கூப்பிட்ட காலத்தில் சத்தம் எல்லாருக்கும் கேட்டது, செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், பேர் உள்ளவர்தான் போனார். இங்கேயும் அப்படித்தான், அந்தந்தச் சைற்றோகைனின் சேதியைப் பெறுகிற வாங்கி எந்தக் கலத்தில் இருக்கிறதோ அதுதான் அசையும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? நம் பாடநூல்களில் ‘கலம்’ இருக்கிறது. உண்கலம், மட்கலம் என்று பாத்திரத்துக்கு வழங்கிய சொல். கைற்றொஸுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்காது. அதோடு ‘இயக்கி’யைச் சேர்த்தால் வேருக்கு வேர் சரிதான், ஆனால் புணர்ச்சியில் ‘கலவியக்கி’ ஆகிவிடும். உயர்தர வகுப்பில் அதை வாசித்துக் காட்டிப் பாருங்கள், பாடம் அத்தோடு முடிந்தது. ‘கலத்தூது’ என்றால் ஹோர்மோனும் அதற்குள் வந்துவிடும், அதுவும் தூதுதானே. ஹோர்மோன்கள் எல்லாமே புரதம் அல்ல என்பதால் ‘கலத்தூதுப் புரதம்’ ஓரளவு நெருங்கி வருகிறது. இன்சுலின் போன்றவை அதிலும் நுழையும். நான் எழுதினால் முதல் இடத்தில் ‘நிர்ப்பீடனக் கலத்தூதுப் புரதம்’ (நிர்ப்பீடனம் என்றால் நோய் எதிர்ப்பு) என்று நீட்டிவிட்டு, அப்புறம் சைற்றோகைன் என்றே போவேன்.

நோயில் இவை அளவு மீறும்போதுதான் ‘புயல்’. 1993இல், எலும்பு மச்சை மாற்றியவர்களுக்கு வரும் ஒரு சிக்கலைப் பற்றி எழுதும்போது அந்தத் தொடர் வந்தது. டெங்குவில் குருதியின் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசிவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. கசிவு கூடுவது காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான். ‘காய்ச்சல் விட்டுட்டுது, மலைக்கு வேலைக்குப் போறேன்’ என்று கிளம்பக் கூடாது.

நீண்டகால மூட்டுவாதத்தில் ஒரு வகைக்கு ரி.என்.எஃபைத் தடுக்கும் ஊசி கொடுக்கிறார்கள். தொடங்குமுன் காசநோய்க் கிருமி உடலில் ஒளிந்திருக்கிறதா என்று டொக்டர்மார் பரிசோதிப்பார்கள். அந்தக் கிருமியை நுரையீரலில் சுற்றி வளைத்து அடைத்து வைக்கவும் இதே ரி.என்.எஃப் வேண்டும்.